ஆறு வரிகள்

மூன்று மணிக்குப் படிவம் மூடிக்கொள்ளும்.
இப்போது ஒன்று பத்து.
கயானி நகரத்துப் பனி அரங்கில்
தளம் வழிக்கும் எந்திரத்தின் இருக்கையில்
கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு
கைப்பேசியைத் துடைக்கிறாள் சைமி.

ஆறு வரிகள். விருப்ப வரிசையில் நிரப்பவும்.
மேலே ஒன்று கிடைத்தால்
கீழே உள்ளவை உதிர்ந்துவிடும்.

ஆறு என்பது எண்.
ஆறு என்பது அரங்குக்குப் பின்னால்
இன்னும் உறைந்து கிடப்பது.
பழைய தமிழில் ஆறு என்றால் வழி.
இதெல்லாம் சைமிக்குத் தெரியாது.
மூன்று வரி நிரம்பிவிட்டது,
மூன்று காலி, அவ்வளவுதான் தெரியும்.

முதல் வரி, ஊலுவில் மென்பொருள் பொறியியல்.
அக்கா சொன்னது:
"விளையாட்டு விற்கவில்லையென்றால்
வங்கிக்காவது நிரல் எழுதலாம்."
இரண்டாவது, தம்பரேயில் முப்பரிமாணக் கலை.
நன்றாகத்தான் வரைகிறாள்.
ஆனால் வரைந்த குதிரையைவிட
அது தாண்டவேண்டிய வேலிமேல்தான் அவளுக்கு ஆசை.
மூன்றாவது, செவிலியர் படிப்பு.
பயம் நிரப்பிய வரி அது.

படிவத்தில் இல்லாத ஒன்றும் உண்டு.
பதினெட்டு மாதக் கட்டணப் பயிற்சி.
விளம்பரத்தில் எல்லாரும்
தலையணி மாட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள்.
வேலை நிச்சயமாம்.
நிச்சயத்தின் தோளில்
பொடி எழுத்தில் ஒரு நட்சத்திரம்.

போன வியாழக்கிழமை
தீனிக்கடை தவுனோவிடம் மடிக்கணினியைத் தந்தாள்.
எட்டு மாத இரவுகளில் செய்தது.
ஓர் அறை, ஒரு விளக்கு, ஒரு கதவு.
கதவு திறந்தேதான் இருந்தது.
தவுனோ சுவரோடு சுவராக நடந்தார்.
அலமாரியை உதைத்தார்.
விளக்குக்கடியில் போய்ப் போய் நின்றார்.
பதினோரு நிமிடம்.
சொல்லிவிடத் துடித்த நாக்கை
சைமி கடித்துக்கொண்டாள்.
கடைசியில் அவர், விரலெல்லாம் கடுகு மணக்க,
"மன்னிச்சிடும்மா, எனக்கு மூளை மந்தம்" என்றார்.

இல்லை.
வெற்றுச் சுவருக்கு வெளிச்சம் போட்டுவிட்டு
வாசலை இருட்டில் வைத்தவள் இருக்க
முட்டிக்கொண்டவரா மந்தம்?

அன்றிரவே விளக்கை வாசலுக்கு மேல் நகர்த்தினாள்.
மறுநாள், கோல் காக்கிற சிறுமி ஹில்யா
நான்கு நொடியில் வெளியே வந்தாள்.
"அறையா? எந்த அறை?"

பதினோரு நிமிடத்துக்கும் நான்கு நொடிக்கும் நடுவில்
எங்கேயோ இருக்கிறது
சைமி செய்ய நினைத்த விளையாட்டு.
அந்த இடத்தைத் தேட
எந்த ஊரில் கற்றுத்தருகிறார்கள்?

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள்.
இங்கே மார்ச்சில் இரு கரையும் வெள்ளை.
அக்கரைக் கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம்,
அதனாலேயே அது ஒரு படிப்பாகத் தோன்றவில்லை.
திறந்தநாள் அன்று
ஓசிக் காபிக்காக நுழைந்திருக்கிறாள்.
ஒரு வகுப்பில் திரையே இல்லை.
அட்டை, கத்தரிக்கோல்,
விதி புரியாமல் கோபத்தில் நால்வர்.
மூலையில் ஒரு மாணவன்,
அவன் செய்த ஆட்டம்தான் போல,
வாயைப் பொத்திக்கொண்டு
குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான்.
அவன் காது சிவந்திருந்தது.

நான்காவது வரியில் எழுதினாள்.
பிறகு விரலால் பிடித்து
மேலே இழுத்தாள்.
ஊலு ஒருபடி இறங்கியது.
கணக்கைக் கண்டால் வயிறு கலங்கும்,
ஆனாலும் அதை அழிக்கவில்லை.
செவிலியரையும் அழிக்கவில்லை.
பயமும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும்.
ஒன்று நாற்பதுக்கு அனுப்பினாள்.
கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை.
நட்சத்திரமும் இல்லை.

பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டுகிறார்கள்.
தளம் வழித்து முடித்து வெளியே வந்தபிறகுதான் பார்த்தாள்,
ஆரஞ்சுக் கூம்பு ஒன்று நட்டநடுவில்.
எடுக்கப் போனவள் நின்றாள்.
முதல் சிறுவன் அதைச் சுற்றி வந்தான்.
இரண்டாமவன் இடித்து விழுந்தான்.
மூன்றாமவள் அதைத் தொட்டுவிட்டு
"நான்தான் முதல்" என்று கத்தினாள்.
எதில் முதல் என்று
யாரும் கேட்கவில்லை,
எல்லாரும் கூம்பை நோக்கிப் பாய்ந்தார்கள்.

சைமி நாக்கைக் கடித்துக்கொண்டு
கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.